சிங்கம் எந்தத் தெருவில்?

கட்டுரை மறுபடியும் திரும்பி வந்துவிட்டது!

கிள்ளானில் வங்கி வேலை முடிந்து வீட்டுக்கு வந்த குமுதா, மடிக்கணினியைத் திறந்ததும் கொதித்துப் போனாள்.

இணையத் தமிழ்க் கலைக்களஞ்சியம் ஒன்றில் 'ஆப்பிரிக்கா மாதம்' என்ற கட்டுரைப் போட்டி நடந்துகொண்டிருந்தது. ஆளுக்கொரு ஊரைப் பற்றி எழுத வேண்டும். ஒருவர் எழுதியதை இன்னொருவர் சரிபார்த்தால்தான் போட்டியில் சேரும். சம்பளமில்லாத வேலை, ஆசைக்குச் செய்வது.

குமுதா எடுத்தது கென்யாவின் கிசுமு நகரம். சரிபார்க்க வாய்த்தவர், செமினியைச் சேர்ந்த சுகுமாறன்.

'சிங்கங்கள் உலவும் ஊர்' என்று எழுதியிருந்தாள்.

'எந்தத் தெருவில்? ஆதாரம் தரவும்' என்று குறிப்பு.

'மக்கள் வறுமையில் வாடுகின்றனர்.'

'எல்லாருமா? அங்கே டாக்டர், டீச்சர் யாருமே இல்லையா?'

"மத்தவங்களோடது எல்லாம் சடசடன்னு பாஸ் ஆகுது. என்னோடத மட்டும் வேணும்னே திருப்பி அனுப்புறாரு லா!" என்று கணவர் பரமேஸ்வரனிடம் பொரிந்து தள்ளினாள்.

"ஞாயித்துக்கிழமை பிரிக்பீல்ட்ஸ்ல எழுதுறவங்க எல்லாரும் கூடுறீங்கதானே? நேராவே கேட்டுடு" என்றார் அவர்.

கேட்டே தீருவது என்றுதான் கொமுட்டர் ரயில் ஏறினாள்.

வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் மாடியில் கூட்டம். சுகுமாறன் பார்ப்பதற்குச் சாதுவாகத்தான் இருந்தார். அதற்காக விட்டுவிட முடியுமா?

"இன்னியோட போட்டி முடியுது. என் எழுத்து பிடிக்கலன்னா சொல்லிடுங்க, கட்டுரையையே தூக்கிடுறேன். இப்படிப் போட்டுப் படுத்தாதீங்க!"

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஐயோ, தூக்கிடாதீங்கக்கா!" பதறிவிட்டார் சுகுமாறன். "கேள்வியெல்லாம் என்னோடது இல்ல. என் வைஃப் சொல்லச் சொல்ல நான் டைப் பண்ணேன், அவ்வளவுதான்."

"அவங்களுக்கு என் மேல என்னங்க அவ்வளவு கோவம்?"

"நீங்களே கேளுங்க" என்று, கை கழுவிவிட்டு வந்துகொண்டிருந்த பெண்ணைக் காட்டினார்.

நல்ல உயரம். தலை நிறையப் பொடிப்பொடிச் சடைகள். மஞ்சள் நிறச் சுடிதார்.

"பேரு அச்சியெங். சொந்த ஊர் கிசுமு" என்றார் சுகுமாறன்.

குமுதாவுக்குத் தான் எழுதியதெல்லாம் ஒவ்வொரு வரியாக நினைவுக்கு வர, காதெல்லாம் சுட்டது.

"மன்னிச்சிடுங்க... அந்த ஊர்க்காரங்க யாராச்சும் இதைப் படிப்பாங்கன்னு நான் நினைக்கவே இல்ல."

அச்சியெங் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். தமிழ் கொஞ்சம் தடுக்கித் தடுக்கித்தான் வந்தது.

"கோவம் இல்லக்கா. என் மக தமிழ்ப் பள்ளியில படிக்குது. நாளைக்கு அது அம்மா ஊரைத் தமிழ்ல தேடினா, உங்க கட்டுரை மட்டும்தானே வரும்!"