யாருக்கும் பசிக்காத மாலை

பலகையைத் தூக்கியதும் அடியில் தண்ணீர் தெரிந்தது.

அதிகமில்லை. இரண்டு சொம்பு இருக்கலாம். டார்ச் வெளிச்சத்தில் கறுப்புக் கண்ணாடிபோல் அசையாமல் கிடந்தது.

படகின் வயிற்றில் தண்ணீரே இருக்கக் கூடாது.

அக்கா நிமிர்ந்து தம்பியைப் பார்த்தாள். படியில் உட்கார்ந்திருந்த அவன் முகத்தில் ஈயாடவில்லை.

அவள் அந்தப் படகுத்துறையின் மெக்கானிக். வாடகைக்குப் போய்த் திரும்பும் பாய்மரப் படகுகளைத் தலைகீழாகப் புரட்டாத குறையாகச் சோதித்து, அவள் அறிக்கையில் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த விருந்தாளிகள் ஏறலாம். அவன் இந்தப் படகின் கேப்டன். போன வருடம் வேறொரு இடத்தில் ஒரு படகைப் பாறையில் ஏற்றி வேலையை இழந்தவன். "இவனுக்கு நான் பொறுப்பு" என்று முதலாளியிடம் சொல்லி இங்கே சேர்த்துவிட்டவள் அவள்தான்.

இன்னொரு பாறை என்றால் இனி எந்தத் துறையிலும் அவனை அண்டவிட மாட்டார்கள். அதை எழுதவேண்டிய கை அவளுடையது.

"திரும்பச் சொல்லு. நேத்து என்னடா ஆச்சு?"

"சொன்னேனேக்கா. கல்திட்டைத் தாண்டுறப்போ அடியில மடார்னு ஒரு சத்தம். என் கால் வரைக்கும் அதிர்ந்துச்சு."

சுக்கானை விட்டுவிட்டு அவனால் இறங்க முடியவில்லை. படிவழியே எட்டித்தான் பார்த்தான். படகை எடுத்திருந்த மூன்று சகோதரிகளும், ஐம்பதைத் தாண்டியவர்கள், கீழே தரையில் மண்டியிட்டிருந்தார்கள். கும்பிடுகிறார்கள். அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஒன்றுமில்லை தம்பி, நீங்கள் ஓட்டுங்கள் என்று ஒரு குரல் மட்டும் மேலே வந்தது.

அன்று மாலை யாரும் சமைக்கவில்லை. பசிக்கவில்லை என்றார்கள். ஆளுக்கு இரண்டு பிஸ்கட்டைக் கடித்துவிட்டு, அவன் முகத்தைப் பார்க்காமலே படுக்கப் போனார்கள். இன்று காலை இறங்கும்போது மூத்தவர் மட்டும் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கள மன்னிச்சிடுங்க தம்பி" என்றாராம்.

"ஆபீஸ்ல சொல்லப் போறாங்க. அதுக்குத்தான் மன்னிப்பு" என்றான்.

அக்கா டார்ச்சை மறுபடி அந்தத் தண்ணீரின்மேல் அடித்தாள்.

படகு பிரான்சில், வாடகைக்கென்றே கட்டப்பட்டது. கடலைப் படத்தில் மட்டும் பார்த்தவர் கையில் கொடுத்தாலும் தாங்கும்படி மூலைகளையெல்லாம் மழுக்கி, நான்கு அறைகளையும் ஒரே அச்சில் வார்த்து, ஸ்விட்சுகளுக்குக் கீழே இங்கே யாருக்கும் புரியாத பிரெஞ்சில் எச்சரிக்கை ஒட்டி அனுப்பியிருந்தார்கள். எல்லாவற்றையும் யோசித்த அந்தப் புண்ணியவான்கள், இந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதற்கு மட்டும் ஒன்றும் ஒட்டி வைக்கவில்லை.

அதற்கு நாக்குதான்.

உப்பில்லை என்றால் குடிநீர்த் தொட்டி கசிகிறது. ஒரு வளையம் மாற்றினால் போதும். கரித்தால், கடல் உள்ளே வருகிறது.

விரலை நனைத்து நாக்கில் வைத்தாள்.

கரித்தது.

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். கழுத்தில் மாட்டியிருந்த, தக்கை கோத்த படகுச் சாவியைக் கழற்றிப் படியின்மேல் சத்தம் வராமல் வைத்தான்.

மனசு கேட்காமல் அவள் இன்னொரு முறை விரலை விட்டாள். இம்முறை அடிவரைக்கும்.

கரித்தது. பிறகு காரமாக இருந்தது. பிறகு பல்லில் மெத்தென்று ஏதோ அகப்பட்டது.

மென்றாள்.

"என்னக்கா?"

"பூண்டுடா."

"என்னது?"

"பூண்டு. மிளகும் இருக்கு. கடலுக்கு எவன்டா தாளிச்சுக் கொட்டினான்? சூப்புடா இது!"

பழந்துணியால் அந்தக் குழியை ஒற்றி எடுத்தாள். பிறகு இருவரும் குப்புறப் படுத்து, ஈரம் போன தரையையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். படகின் அடித்தண்டான கீலைப் பிடித்திருந்த போல்ட்டுகளைச் சுற்றி ஒரு பொட்டு ஈரம்கூட எழவில்லை. கடல் வெளியே, அதன் இடத்தில், ஒன்றும் தெரியாததுபோல் படகின் விலாவைத் தட்டிக்கொண்டிருந்தது.

காலையிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது எழுந்து போயிற்று. அவளுக்குச் சிரிப்பாகவும் வந்தது, கண்ணும் கலங்கியது.

எழுந்து அடுப்படி அலமாரியைத் திறந்தாள். பெரிய பாத்திரம் இருந்தது. ஒரு வாரம் பழகிய பாத்திரம்போல் இல்லை. துலக்கி, துடைத்து, பளபளவென்று இருந்தது. வெளியே எடுத்துத் திருப்பினாள்.

சுவரைப் பார்த்து வைத்திருந்த பக்கம், விளிம்பிலிருந்து அடிவரை ஒடுங்கிப்போயிருந்தது.

தம்பி அந்த ஒடுக்கை விரலால் தடவிப் பார்த்தான்.

"அப்போ அவங்க கும்பிடல, கொட்டினதத் தொடச்சிருக்காங்க" என்றான் மெதுவாக.

அவள் அறிக்கையை எடுத்து, சேதம் என்ற இடத்தில் 'பாத்திரம் ஒன்று' என்று எழுதப் போனாள்.

"எழுதாதக்கா. பாவம், எனக்குப் பயந்து பட்டினி கெடந்திருக்காங்க."

'ஒன்றுமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

நிமிர்ந்தபோது சாவி அவன் கழுத்துக்குத் திரும்பியிருந்தது. அந்த ஈரத் துணியை மூக்கருகே பிடித்துக்கொண்டிருந்தான்.

"நேத்து எனக்குக் கொலைப் பசிக்கா" என்றான். "நல்லாத்தான் வச்சிருக்காங்க."