மாப்பிள்ளை பூட்ஸ்

"மாப்பிள்ளை பூட்ஸ்ல எச்சி துப்புறீங்களே, உங்களுக்கென்ன பைத்தியமா?"

மாட்டுக் கொட்டகையில் குந்தியிருந்த பஞ்சநதம் பதறிப்போய் மனைவியைப் பார்த்தார்.

"கத்தாதடி! பட்டாளத்துல இப்படித்தான் துப்பித் துப்பித் தேய்ப்பாங்களாம். அப்பத்தான் அதுல மூஞ்சி தெரியுமாம்."

"உங்க மூஞ்சியை அதுல வேற பாக்கணுமாக்கும்!" என்றாள் தங்கமணி.

கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாக லீவில் வந்திருந்தான் மாப்பிள்ளை ராஜராஜன். இன்று சாயங்காலம் நீடாமங்கலத்தில் ரயில் ஏற வேண்டும்.

காலையில் மடை திறக்கப் புறப்பட்ட பஞ்சநதம், வாசலில் கிடந்த ராணுவ பூட்ஸைப் பார்த்தார். வரப்பெல்லாம் பாம்பு. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மாட்டிக்கொண்டு போய்விட்டார். பாம்பு ஒன்றும் செய்யவில்லை. சேறுதான் ஒரு பூட்ஸைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. இழுத்த இழுப்பில் அடி வாயைப் பிளந்தது. வேலிக் கம்பி தோலெல்லாம் கீறிவிட்டது.

"டீக்கடையில 'என் மாப்பிள்ளை மிலிட்டரி, மிலிட்டரி'ன்னு நெஞ்சை நிமித்துனீங்கள்ல? இப்ப 'மாமனார் பூட்ஸ் திருடன்'னு அவரு மிலிட்டரி பூரா சொல்லப்போறாரு."

"வாயை மூடிக்கிட்டு அந்த ஊசியைக் கொடு. அவரு முழிச்சிட்டாரா?"

"நண்டுக் குழம்பு சாப்பிட்டவரு. இப்ப முழிக்க மாட்டாரு."

பஞ்சநதம் சாக்குத் தைக்கும் ஊசியால் அடியைத் தைத்தார். பசை போட்டு, மேலே அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தார். மகள் சுடர்விழி பள்ளிக்கூடம் போன காலத்துப் பாலிஷ் கல்லாகக் கிடந்தது. அதைச் சுடவைத்து உருக்கிப் பூசினார். வாழைப்பழத் தோலால் தேய்த்தார். கடைசியில், மாப்பிள்ளையை வழியனுப்பத் தங்கமணி கட்டியிருந்த பட்டுப்புடவையின் முந்தானையை எட்டிப் பிடித்தார்.

"கையை எடுங்க! பொண்ணு கல்யாணத்துக்கு எடுத்த புடவை!"

"பொண்ணு வாழணுமா வேண்டாமா?"

தங்கமணி பல்லைக் கடித்துக்கொண்டு முந்தானையைக் கொடுத்தாள்.

கருப்புக் கண்ணாடி மாதிரி ஆனது பூட்ஸ். கீறல் போன இடமே தெரியவில்லை. பின்னால் நின்றிருந்த பசுமாட்டின் முகம்கூட அதில் தெரிந்தது. பக்கத்தில் இன்னொரு முகமும் தெரிந்தது.

"மாமா..."

பஞ்சநதம் துள்ளி எழுந்தார். "மாப்பிள்ளை! அது வந்து... தூசியா இருந்துச்சு... சும்மா துடைச்சேன்..."

ராஜராஜன் பூட்ஸைக் கையில் எடுத்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தான். தங்கமணி மனசுக்குள் மாரியம்மனைக் கூப்பிட்டாள்.

"மாமா, என் பூட்ஸ் பைக்குள்ள இருக்கு. இது உங்களுக்காகக் கொண்டாந்தது. வயல்ல பாம்புன்னு சுடர்விழி சொன்னா. போட்ட பழசைப் போய் மாமனார் கையில எப்படிக் கொடுக்கிறதுன்னு கூச்சப்பட்டுத்தான் வாசல்ல விட்டேன். காலையில நீங்களே மாட்டிக்கிட்டுப் போறதை ஜன்னல்ல பாத்து எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா!"

பஞ்சநதத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வாயெல்லாம் பல்லாக இரண்டு கையையும் நீட்டினார்.

ராஜராஜன் பூட்ஸை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

"ஆனா இந்தப் பளபளப்பைப் பாத்தப்புறம் மனசு வரல மாமா, பரேடுக்கு இதையே போட்டுக்கிறேன். அடுத்த லீவுல வேற ஜோடி வாசல்ல போடுறேன், தயவுசெஞ்சு அதைத் துடைச்சுடாதீங்க!"