இரட்டையர் பலகை

கிழவி இன்றைக்கும் வந்து ஏணிக்குக் கீழே நின்றுவிட்டாள்.

பெயின்டர் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்று நாளாக இதே கூத்து. வாய் திறப்பதில்லை, பலகையையே வெறிக்கிறாள். தங்க நிற பெயின்ட் டப்பா திருட்டுப் போகாமல் வேவு பார்க்கச் சங்கச் செயலாளர் வைத்த ஆள்தான் என்று முதல் நாளே முடிவு கட்டிவிட்டார்.

டென்னிஸ் சங்கத்தின் பழைய பலகையைக் கரையான் தின்றுவிட்டது. அது சுவரோரம் சாய்ந்து கிடந்தது. பெண்கள் இரட்டையர் பட்டம் வென்றவர்கள், வருஷத்துக்கு ஒரு வரி, வரிக்கு இரண்டு பேர், மொத்தம் நாற்பது வரி. அப்படியே புதுப் பலகைக்கு மாற்றி எழுத வேண்டும். அடுத்த வாரம் இறுதி ஆட்டம். அன்றைக்குத் திறப்பு.

ஒரு புள்ளி மாறினாலும் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று செயலாளர் சொல்லியிருந்தார்.

பதிமூன்றாம் வரியை எழுதி முடித்ததும் கிழவி வாயைத் திறந்தாள்.

"தம்பி, பதினொன்னு, பதிமூணு, இருபது. மூணு வரியிலயும் இருக்கிறது ஒரே பொம்பளைப்பா."

பெயின்டருக்குச் சிரிப்பு வந்தது. பதினொன்றில் ஒரு பெண்ணின் பேர். பதிமூன்றில் திருமதி போட்டு ஓர் ஆணின் பேர். இருபதிலும் திருமதிதான், ஆண் வேறு. கூட ஆடியவளும் ஒவ்வொரு தடவையும் வேறு ஆள்.

"ஒரே ஆளுக்கு எதுக்கும்மா மூணு பேரு?"

"முதல்ல அவ சொந்தப் பேரு. அப்புறம் புருஷன் பேரு. அவன் போனப்புறம் கட்டிக்கிட்டவன் பேரு. பேரை எவன் கொடுத்தா என்ன, ஆடினது அவதான்."

இருக்கலாம். வேறு வரிகளிலும் பெண் பேரே இல்லாத திருமதிகள் இருந்தார்கள். அதனால்தான் அவருக்குப் பயமாக இருந்தது. உண்மை மாதிரி பேசிய ஒருவனை நம்பி, ஒரு பள்ளிக்கூடத்துக் கல்வெட்டில் அவன் அப்பன் பேரைச் சேர்த்து எழுதி, அங்கே பார்த்துக்கொண்டிருந்த வேலையையே இழந்தவர் அவர்.

கிழவி பையிலிருந்து ஒரு பத்திரிகைத் துண்டை எடுத்து நீட்டினாள். போன வாரத்துச் சாவுச் செய்தி, அந்தப் பெண்ணுடையது. கடைசி வரியைப் பெயின்டர் எழுத்துக் கூட்டிப் படித்தார். 'ஒரு முறை இரட்டையர் பட்டம் வென்றவர்.'

"ஒரு முறையாம்! நீயும் இப்படியே எழுதி மாட்டிட்டா, அப்புறம் அதுதான் நிஜம். மூணுலயும் அவ பேரை எழுதிடுப்பா."

பெயின்டர் ஏணியை விட்டு இறங்கினார்.

"நீங்க யாரு, அக்காவா தங்கச்சியா? சொத்து கேஸ் ஏதாவது ஓடுதா?"

"சொந்தமெல்லாம் இல்ல."

"சிநேகிதியா?"

"அவளா? எதிர்ல வந்தா நான் மூஞ்சியத் திருப்பிக்குவேன்."

"சரி, கூட ஆடினவங்களா? அப்ப உங்க பேரும் இங்க இருக்கணுமே. எந்த வரி, காட்டுங்க."

இதில் மாட்டிக்கொள்வாள் என்று நினைத்தார்.

கிழவி பழைய பலகையை மேலிருந்து கீழே வரை ஒரு தடவை பார்த்தாள்.

"எந்த வரியிலயும் இருக்காது தம்பி. தோத்தவங்க பேரை எவன் எழுதுறான்? அந்த மூணு இறுதி ஆட்டத்துலயும் அவளுக்கு எதிர்ல நின்னது நான்."

பேரைச் சேர், பேரை மாற்று என்று எத்தனையோ பேர் பெயின்டரிடம் வந்திருக்கிறார்கள். தோற்றேன் என்று சொல்லிக்கொண்டு வந்தவர் இதுவரை ஒருவரும் இல்லை.

கந்தல் துணியை, பெயின்டை அழிக்கிற டர்பன்டைனில் முக்கிப் பிழிந்துகொண்டு மறுபடி ஏணியில் ஏறினார்.

பதிமூன்றாம் வரி இன்னும் காயவில்லை.