பக்கக் கண்ணாடி

காலை வெயில் சமையலறைத் தரையில் சாய்ந்து கிடக்கிறது. டாக்ஸி ஓட்டி ஓய்ந்தவர் நாற்காலியில் உட்கார்ந்து வலது காலைத் தூக்கித் தொடைமேல் போடப் பார்க்கிறார். தொப்பை விடமாட்டேன் என்கிறது. ஆயுளெல்லாம் உட்கார்ந்தே இருந்ததும், சவாரிக்குச் சவாரி குடித்த சர்க்கரை தூக்கலான டீயும் சேர்ந்து வளர்த்த தொப்பை. சர்க்கரை நோய் முற்றிப் பாதம் மரத்துவிட்டது. "வீட்ல யாரையாவது தினமும் பாதத்தைப் பாக்கச் சொல்லுங்க" என்றாள் நர்ஸ். "சரிம்மா" என்று தலையாட்டிவிட்டு வந்தார். வீட்டில் இருப்பது சுவர்க் கடிகாரம்தான். அது ஓயாமல் பேசும், குனிந்து பார்க்காது. அதனால் பழைய காரிலிருந்து கழற்றி வைத்த பக்கக் கண்ணாடியைத் தரையில் போட்டு, அதன்மேல் காலைத் தூக்கிப் பிடித்து, பின்னால் வரும் லாரியைப் பார்ப்பதுபோல் கண்ணைச் சுருக்குகிறார். குதிகாலில் ஏதோ மின்னுகிறது. நேற்று காலண்டர் விழுந்தபோது எவ்வளவு தேடியும் கிடைக்காத சின்ன ஆணி; தலை மட்டும் வெளியே தெரிகிறது. அடுப்படியிலிருந்து நாற்காலிவரை சிவப்புப் பொட்டுகள் அவர் பின்னாலேயே வந்திருக்கின்றன.

மேசைமேல் போன் அடிக்கிறது. வெளியூரில் இருக்கும் மகள்.

"கால் எப்படிப்பா இருக்கு? வலிக்குதா?"

"துளிகூட இல்லம்மா."

"அப்பாடா. வேலைக்கு நேரமாச்சு, சாயங்காலம் பேசறேன்பா."

போன் அடங்குகிறது. அவர் சொன்னதில் பொய்யே இல்லை. கண்ணாடிக்குள் அந்தக் கால், எங்கோ தொலைவில், வேறு யாருடையதோ போலத் தெரிகிறது.