மாலை போட்ட படம்

"இஞ்சரும், அந்தப் படத்தைத் தொடாதையும். வேலைக்கு வந்த முதல் நாளே அதில கை வைக்கக்கூடாது எண்டு கிழவர் சொன்னவரெல்லே?"

வரவேற்பறை வாசலிலேயே நின்றுகொண்டு இராசலிங்கம் மனைவியை எச்சரித்தார். அவர் கையிலிருந்த பைக்குள், ஜேர்மனியின் ஊன்ட்றொப் ஊர் அம்மன் கோயிலில் சொல்லிக் கட்டுவித்த பூமாலை இருந்தது.

"துடைக்கேக்க விழுத்திப்போடுவன் எண்ட பயத்தில சொல்லியிருப்பார். ஆறு வருசத்தில ஒரு கோப்பையாவது உடைச்சிருப்பனே? மாலையைத் தாங்கோ. அவர் எழும்பமுதல் போட வேணும்."

சிவமலர் பார்த்துவந்தது லாங்கே என்ற எண்பத்தேழு வயதுக் கிழவரைப் பராமரிக்கும் வேலை. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பி நாலு நாளாக அவர் சாப்பிடவில்லை, யாரோடும் பேசவும் இல்லை. இன்றைக்கும் சாப்பிடாவிட்டால் நாளைக்கே முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடுவதாக மகள் மொனிக்கா சொல்லிவிட்டாள். நாலு மணிக்கு வருவாள். இன்று கிழவருக்குப் பிறந்தநாள் வேறு.

சிவமலர் முக்காலியில் ஏறினாள். சுவரில் பழுப்பேறிய படம். சீருடை போட்ட சிப்பாய் ஒருவன் கதிரையில் இருந்தான். பக்கத்தில் தொப்பி வைத்த பெண். சிப்பாயின் மடியில் நாலு வயதுப் பையன். விடைத்த காதுகளே சொல்லின, பையன் லாங்கே கிழவர்தான். கீழே 1942 என்று எழுதியிருந்தது.

"பாருங்கோப்பா, தேப்பன் பிள்ளையின்ர கையை எப்பிடி இறுக்கிப் பிடிச்சிருக்கிறார். சண்டைக்குத் திரும்பிப் போக மனம் வரேல்லை. பிள்ளையும் அழுதழுது கண் வீங்கிப்போய் இருக்குது."

"பக்கத்தில நிண்டு பாத்தவ மாதிரி!"

"பகிடியை விடுங்கோ. காலமை கதிரையில வந்து இருந்த உடனே அந்தப் படத்தைப் பாத்து ஒரு சொல்லு சொல்லுவார். நாங்கள் முருகா எண்டுறமெல்லே, அது மாதிரி. இந்த நாலு நாளும் வாயில வந்தது அது ஒண்டுதான். தாய் தேப்பனை இப்பிடிக் கும்பிடுற ஜேர்மன்காரரை நான் கண்டதில்லை."

"அதுக்கு மாலை ஏன்? இவையள் படத்துக்கு மாலை போடுறவையே?"

சிவமலர் முக்காலியில் நின்றபடியே திரும்பினாள்.

"என்ர தம்பியும் இயக்கச் சீருடையோட ஒரு படம் எடுத்தவன். ஆமி வருதெண்டு அம்மா அதை அடுப்புக்குள்ள போட்டா. அவனுக்கு மாலை போட எங்களிட்ட ஒரு படமும் இல்லை. படம் இருக்கிற மனிசருக்காவது போடுவமே."

இராசலிங்கம் பையைத் திறந்தார். மாலையை எடுத்துக் கொடுத்தார். "வேலை போனா என்னைக் குறை சொல்லாதையும்" என்று முணுமுணுத்தபடி புறப்பட்டுப் போனார்.

படத்துக்குக் கீழே ஒரு மெழுகுதிரியும் ஏற்றினாள். மேசையில் சூடான சூப்பை வைத்தாள். பிறகு கிழவரைச் சக்கர நாற்காலியில் மெல்லத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

லாங்கே நிமிர்ந்து பார்த்தார். முகம் வெளுத்துப்போனது.

"யார் போட்டது?"

நாலு நாளைக்குப் பிறகு வந்த முதல் பேச்சு! சிவமலர் பூரித்துப்போய் ஜேர்மன் மொழியில் சொன்னாள்:

"நான்தான், ஹெர் லாங்கே. காலமான பெரியவர்களின் படத்துக்கு மாலை போட்டுக் கும்பிடுவது எங்கள் வழக்கம். பிறந்தநாளில் அப்பாவின் ஆசி..."

"கழற்றுங்கள்!"

சொல்லும்போதே ஊன்றுகோலை நீட்டி மாலையை இழுத்தார். அது அறுந்து, பூக்கள் மெழுகுதிரியின்மேல் கொட்டின. திரி அணைந்தது. சிவமலர் சூப்புக் கிண்ணத்தைப் பார்த்தாள். வேலை போகட்டும், இனி இவர் சூப்பை எங்கே தொடப்போகிறார்? நாளைக்கே கொண்டுபோய்விடுவார்களே!

"மன்னித்துக்கொள்ளுங்கள். படத்தையும் எடுத்து உள்ளே வைத்துவிடட்டுமா?"

"வேண்டாம்." கிழவருக்கு மூச்சு வாங்கியது. "படம் அங்கேயே இருக்கட்டும். அதைப் பார்த்தால்தான் என் பெயர் எனக்கு மறக்காது."

"உங்கள் பெயர் ஹெல்முட்தானே?"

"காலையில் நான் சொல்கிற சொல் உங்களுக்குக் கேட்பதில்லையா?"

"கேட்கும். ஸ்டாஷெக். பிரார்த்தனை என்று நினைத்தேன்."

"அது என் பெயர். போலந்தில் என் அம்மா கூப்பிட்ட பெயர். ஹெல்முட் என்ற பெயர் படத்தில் இருக்கிற இவர்கள் வைத்தது. இந்தப் பிறந்தநாளும் இவர்கள் குறித்ததுதான். என் உண்மையான பிறந்தநாள் எனக்கே தெரியாது. எண்பத்துமூன்று வருடமாக ஒருவருக்கும் சொன்னதில்லை. மொனிக்காவுக்கும் தெரியாது."

கரண்டியை எடுத்தார். ஒரு வாய் சூப் குடித்தார். இன்னொரு வாய். சிவமலருக்கு அழுகை வந்தது.

"அப்படியானால் இவர்..." அவள் சிப்பாயைப் பார்த்தாள். "அநாதையாக நின்ற உங்களைத் தத்தெடுத்து வளர்த்த மனிதரா?"

லாங்கே கரண்டியைக் கீழே வைத்தார்.

"என் அம்மா உயிரோடுதான் இருந்தாள். ஜேர்மன் பிள்ளையாக்கவென்று அவள் கையிலிருந்து என்னைப் பறித்துக்கொண்டு வந்து மூன்றாம் நாள் எடுத்த படம் இது. நான் இறங்கி ஓடிவிடக்கூடாது என்றுதான் அந்தக் கை என்னை இப்படி இறுக்கிப் பிடித்திருக்கிறது."