டம்ளருக்குள் தெரிந்த படம்

ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் அறிவியல் வீடியோவை முடித்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள். உடனே மேசைமேல் இருந்த செல்போன் ஆரம்பித்தது.

"முழுப் படமும் நான் தனியா எடுத்தது. ஞாபகம் வச்சுக்குங்க."

"தனியா எடுத்த லட்சணம் தெரியாதா? மூணு தடவை நீ வழுக்கி விழுந்தே. ஒவ்வொரு தடவையும் நான்தான் மறுபடி எரிஞ்சேன்," என்றது மெழுகுவத்தி. அது நகத்தளவுதான் மிஞ்சியிருந்தது.

"என்னைக் கவிழ்த்த பிறகுதானே நீ அணைஞ்சே? தட்டுத் தண்ணி எனக்குள்ளதானே ஏறுச்சு?" என்றது கண்ணாடி டம்ளர்.

தடித்த அகராதி மட்டும் பேசவில்லை. நான்காவது தடவை அதை நிமிர்த்தி வைத்து, அதன் முதுகில்தான் செல்போனை ரப்பர் பேண்டால் கட்டியிருந்தார்கள்.

"சண்டை எதுக்கு? போட்டே பார்த்துடுவோம்," என்று செல்போன் வீடியோவை ஓட்டியது.

சுடர் எரிந்தது. டம்ளர் கவிழ்ந்தது. சுடர் அணைந்து தண்ணீர் மெல்ல ஏறியது. தெரிந்த கதைதான் என்றாலும் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

"நிறுத்து, நிறுத்து! டம்ளர் வயித்துல பாரு!" என்று கத்தியது மெழுகுவத்தி.

டம்ளரின் பளபளப்பில், கம்பீரமாக நின்றது அகராதி. அதன் தோளுக்கு மேலே செல்போனின் ஒற்றைக் கண் மட்டும் எட்டிப் பார்த்தது.

செல்போன் படத்தை நிறுத்தி, அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தது.

"நான் குண்டாத் தெரியறேனோ?" என்று கூச்சத்துடன் கேட்டது அகராதி.

"சேச்சே, நல்லா இருக்கீங்கண்ணே," என்றது செல்போன். "இன்னொரு தடவை போடட்டுமா?"