புள்ளி விழாத ஊர்

“உண்மையைச் சொல்லுங்க சார். இந்தப் பக்கத்துல பூச்சிமருந்து குடிச்ச பிள்ளைங்களை எங்கே கொண்டு போறீங்க?”

உரக்கடை வைத்தியலிங்கம் விதைநெல் மூட்டையை நகர்த்துவதை நிறுத்தவில்லை. “அப்படியெல்லாம் இங்க ஒண்ணும் நடக்கலைம்மா. வெயில்ல வந்திருக்கீங்க, சோடா சொல்லட்டுமா?”

வானதிக்கு எரிச்சலாக வந்தது. அவள் தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தை மருத்துவம் மேற்படிப்பு படிக்கிறவள். வார்டுக்கு வந்த பிள்ளையைப் பிழைக்க வைப்பவர் பாதி டாக்டர்தான், அது ஏன் வந்தது என்று ஊருக்குள் போய்ப் பார்த்து, அதற்காக நாலு பேரிடம் வாதாடுபவர்தான் முழு டாக்டர் என்பது அவளுடைய பேராசிரியையின் கட்சி. அதனால் கடைசி வருட மாணவர்களை மூன்று மாதம் வார்டை விட்டே துரத்திவிடுவார்.

அப்படி வெளியே வந்த வானதி முதலில் வார்டின் ஐந்து வருட நோட்டுகளைப் புரட்டினாள். வீட்டில் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி வைத்த பூச்சிமருந்தைக் குடித்துவிட்டு வந்த குழந்தைகளுக்கெல்லாம் வரைபடத்தில் ஆளுக்கொரு சிவப்புப் புள்ளி வைத்தாள். பேராவூரணியிலிருந்து கும்பகோணம் வரை அம்மை வார்த்த முகம்போல ஆகிவிட்டது. நீடாமங்கலத்துக்குத் தெற்கே பன்னிரண்டு கிராமங்களில் மட்டும் ஒரு புள்ளி கூட விழவில்லை.

“அவசரப்பட்டு சந்தோஷப்படாதே,” என்றார் பேராசிரியை. “ஒண்ணு, அங்க எந்தப் பிள்ளையும் குடிக்கலை. இல்லேன்னா, குடிச்ச பிள்ளை நம்மகிட்ட வந்து சேரலை. எதுன்னு பார்த்துட்டு வா.”

இரண்டாவதாக இருந்துவிடக் கூடாதே என்று பஸ்ஸில் வரும்போதே வேண்டிக்கொண்டு வந்தாள். பன்னிரண்டு ஊருக்கும் சேர்த்து உரக்கடை இது ஒன்றுதான். இந்த மனிதரோ பேச்சை மாற்றிக்கொண்டே இருக்கிறார். போதாக்குறைக்கு, உள்ளறைக் கதவைக் காலால் மெல்லத் தள்ளிச் சாத்துகிறார். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்?

“அங்க என்ன வச்சிருக்கீங்க?” கேட்டுக்கொண்டே போய்க் கதவைத் திறந்துவிட்டாள்.

உள்ளே பெரிய இரும்பு அலமாரி. கம்பி வலைக்குப் பின்னால் நூறு மருந்து பாட்டிலாவது இருக்கும். எல்லாமே சீல் உடைத்தவை. சிலதில் கால், சிலதில் அரை.

“லூஸ்ல விக்கிறீங்க! சட்டப்படி தப்புன்னு தெரியாதா? இதைத்தான் கூல்டிரிங்ஸ் பாட்டில்ல வாங்கிட்டுப் போய் அடுப்படியில வைக்கிறாங்க. பிள்ளை குடிச்சிட்டா வெளியே தெரியாம எல்லாருமா மூடி மறைச்சிடறீங்க. அப்படித்தானே?”

போன வாரம்தான் நாலு வயதுப் பெண் குழந்தை ஒன்று அவள் கையிலேயே உயிரை விட்டிருந்தது.

வைத்தியலிங்கம் வாயைத் திறப்பதற்குள், மருந்து தெளித்துவிட்டு வந்த ஒருவர் முதுகிலிருந்த ஸ்பிரேயரை வாசலில் தொப்பென்று இறக்கினார். இடுப்பில் செருகியிருந்த பாட்டிலை உருவி நீட்டினார்.

“இந்தாங்கண்ணே, பாதி மிச்சம். பூட்டி வச்சுக்குங்க.”

வைத்தியலிங்கம் அதில் ‘நெடுஞ்செழியன்’ என்று பேர் எழுதி ஒட்டி, அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

நெடுஞ்செழியனுக்கு வானதியைப் பார்த்ததும் முறையிட ஆள் கிடைத்துவிட்டது. “நீங்களே கேளுங்கம்மா இந்த அநியாயத்தை. காசு குடுத்து வாங்குன மருந்து, ஒரு ராத்திரி வீட்டுல வச்சுக்க விடமாட்டாரு. பொழுது சாயறதுக்குள்ள மிச்சத்தைக் கொண்டாந்து குடுக்கலைன்னா, சைக்கிளை எடுத்துக்கிட்டு வீட்டு வாசலுக்கே வந்து நிப்பாரு. அடுத்த தடவை மருந்தும் கிடையாது!”

அவர் புலம்பிக்கொண்டே போய்விட்டார். வானதி அலமாரியை மறுபடியும் பார்த்தாள். எல்லா பாட்டிலிலும் ஒவ்வொரு பேர் இருந்தது.

“அப்போ இதெல்லாம்...”

“அவங்கவங்க மிச்சம்மா. வீட்டுல இருந்தாத்தானே பிள்ளை எடுக்கும்? ஆனா ஆபீஸருங்க பார்த்தா உங்களை மாதிரியேதான் நினைப்பாங்க. அதான் கதவைச் சாத்துனேன்.”

வானதிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. கையெடுத்துக் கும்பிட்டாள். “மன்னிச்சிருங்க சார். நாங்க வார்டுல காப்பாத்துறதைவிட நீங்க இங்க உக்காந்து காப்பாத்துன பிள்ளைங்க அதிகம். உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலை. எல்லா உரக்கடையிலயும் இதைச் செய்யணும்னு கலெக்டர்கிட்டயே போய்ப் பேசப் போறேன். யார் சார் உங்களுக்கு இந்த யோசனையைச் சொன்னது?”

“யோசனையெல்லாம் இல்லைம்மா, இது ஒரு வாக்கு.” அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு அவர் நின்றுகொண்டார். “பதினாறு வருஷத்துக்கு முன்னாடி நானும் கூல்டிரிங்ஸ் பாட்டில்ல ஊத்திக் குடுத்தவன்தான். ஒருநாள் என் மகளே எடுத்துக் குடிச்சிருச்சு. உங்க ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிட்டு ஓடினேன். உங்களை மாதிரியே படிச்சுக்கிட்டிருந்த ஒரு டாக்டரம்மா ஒன்பது நாள் பக்கத்துலயே இருந்து பொழைக்க வச்சாங்க. இப்ப அது கும்பகோணத்துல காலேஜ் படிக்குது.”

அவர் அலமாரிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

“அன்னிக்கு அவங்க கால்ல விழப் போனேன். ‘நன்றியெல்லாம் வேணாங்க, இன்னொரு பிள்ளையை இங்க அனுப்பாம இருங்க, அது போதும்’னுட்டாங்க. அழுத அழுகையில அவங்க பேரைக்கூடக் கேட்டுக்கலை.”

வானதியின் கழுத்தில் தொங்கிய ஆஸ்பத்திரி அட்டையைப் பார்த்து வைத்தியலிங்கம் கை கூப்பினார்.

“எங்கயாவது அவங்களைப் பார்த்தா சொல்லிருங்கம்மா, இன்னிக்கு வரைக்கும் நான் ஒரு பிள்ளையையும் அனுப்பலைன்னு.”